மிராசுதார் போட்ட நாற்காலி

கீழப்படுகை,
திருவிடைமருதூர் வழி
18.1.1970

சௌபாக்கியவதி சாவித்திரிக்கு,

சித்தப்பா இராஜாங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இலந்தை மரங்களும் தெம்பாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ரெங்கசாமியும், அவர் சரக்கு இறக்கும் சிங்கப்பூர்க் கப்பல்களும் அதே தெம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி இறங்கி, "சீமைத் தபால் இந்த வட்டாரத்திலேயே உங்களுக்குத்தான் வருது" என்று கும்பிட்டுக் கொடுத்தார். கும்பிடவில்லை என்கிறாள் உன் அம்மா. அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்காது.

இந்த வருஷத்து இலந்தையைப் பற்றி என்ன சொல்ல! ஒவ்வொன்றும் குழந்தையின் முட்டி அளவு. போன வெள்ளிக்கிழமை ஒரு பழம் கிளையிலிருந்து தெறித்து, ரோட்டில் போன பஸ்ஸுக்குள் விழுந்து, கண்டக்டர் தலையில் பட்டு, அவர் பயந்து விசில் ஊதி, பஸ் நின்றே போய்விட்டது. கும்பகோணம் மார்க்கெட்டுக்கு நம் பழத்தை எடுத்துப் போகிற நூர்ஜஹான் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைப் பழம்னு சொல்லி விக்கிறதா, பாறாங்கல்லுன்னு சொல்லி விக்கிறதா?" என்று கேட்டாள். கேலிதான். ஆனால் கேலியிலும் ஒரு மரியாதை இருந்தது.

ஊர்தான் ஒரு நிலையில் இல்லை. தெருவுக்குத் தெரு ஒரு கொடி. அறுவடைக்கு வெளியாள் வரக்கூடாது என்று சிவப்புக் கொடிச் சங்கத்தார் வரப்பில் நிற்கிறார்கள். மிராசுதார்கள் லாரியில் ஆள் கொண்டுவருகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் போலீஸ் வண்டி. கீழ்வேளூர்ப் பக்கமிருந்து யார் வந்தாலும் ஒரு சண்டைச் செய்தியோடுதான் வருகிறார்கள். குத்தகைக்காரர்களை எல்லாம் சர்க்காரே பதிவு செய்யப் போவதாக ஒரு சட்டம். அதைப் பற்றி மந்திரி ஒருவர் திருவிடைமருதூர்க் கூட்டத்தில் பேசினார். பேசும்போது என்னையே பார்த்துப் பேசினார். நான் தலையசைத்த பிறகுதான் அடுத்த வார்த்தைக்குப் போனார்.

வௌவாலும் கிளியும் என் குரலைக் கேட்டாலே கொள்ளிடம் தாண்டிப் போய்விடுகின்றன. தோட்டத்துக் கொட்டகையில் படுத்து நான் காவல் காக்காவிட்டால் ஒரு காயும் மிஞ்சாது.

உன் அம்மா சொல்லச் சொன்னது: எண்ணெய் தேய்த்துக் குளி. மற்றதெல்லாம் நான் சொன்னது.

இப்படிக்கு,
படுகைத் தோட்டம் இராஜாங்கம்
(மந்திரி அறிந்தவர்)

---

சிங்கப்பூர்
6.2.1970

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சாவித்திரி வணக்கம். உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். பஸ் நின்ற இடத்தில் இரண்டு முறை படிக்கச் சொன்னார். இலந்தைக்காக ஒரு பஸ் நின்ற ஊர் உலகத்தில் நம்முடையதுதான் என்கிறார்.

எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. இங்கே ஒரு கடையில் நம் ஊர்த் தமிழ்ப் பத்திரிகை கிடைக்கிறது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் தஞ்சாவூர் ஜில்லா, அறுவடை, தடியடி. பக்கத்து வீட்டில் கதவு தட்டினால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன். அம்மாவை இங்கே அனுப்பி வையுங்கள் சித்தப்பா. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

வர மாட்டாள் என்று தெரியும். அப்படியானால் ஒரு காரியமாவது செய்யுங்கள். நீங்கள் எழுதிய அந்தச் சட்டம் நமக்காகவே வந்தது. அப்பா அந்த ஆற்றுப் படுகையை மிராசுதார் நாகநாதனிடம் வாய்ப் பேச்சில் குத்தகைக்கு எடுத்தார். மரங்களை வைத்தது அப்பாவும் அம்மாவும். அப்பா போன பிறகும் ஒவ்வொரு பருவத்துக்கும் குத்தகைப் பழத்தை அம்மாதான் தலையில் சுமந்து பண்ணை வீட்டுக் கொல்லை வாசலில் இறக்குகிறாள். ஒரு துண்டு ரசீது அவர்கள் கொடுத்ததில்லை. நாளைக்கே "யார் நீ?" என்று கேட்டால் நம்மிடம் காட்ட ஒன்றும் இல்லை. பதிவில் பெயர் ஏறிவிட்டால் யாரும் அவளை வெளியே போகச் சொல்ல முடியாது.

பதிவுக்குத் தாசில்தார் நம் ஊருக்கு வரும் நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அவள் பெயரை எழுதச் சொல்லுங்கள். அவள் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

நீங்கள் இந்த ஊரில் கவர்னரோடு தேநீர் குடித்ததாகச் சின்ன வயதில் சொன்ன மாளிகையைப் போன வாரம் பார்த்தேன். வாசலோடு சரி.

உங்கள் மகள்,
சாவித்திரி

---

கீழப்படுகை
26.4.1970

சௌபாக்கியவதி சாவித்திரிக்கு,

சித்தப்பா இராஜாங்கம், எழுத நேரமில்லாத நிலையில் எழுதுவது. தெருவில் இறங்கினால் ஆள் மாற்றி ஆள் பேச்சுக் கொடுக்கிறார்கள். காரணம் பின்னால் வருகிறது, பொறுமையாகப் படி.

முதலில் தோட்டம். இலந்தை முடிந்து அருநெல்லி நடக்கிறது. கொத்துக் கொத்தாகக் கிளையே தெரியாமல் காய்த்திருக்கிறது. உன் அம்மா விடிவதற்குள் பழைய சேலையை மரத்தடியில் விரித்துக் கிளையைக் கையால் உருவி எடுக்கிறாள். உலுக்கினால் அடிபட்ட காய் ஊறுகாய்க்கு ஆகாது என்று என்னைக் கிளையைத் தொடவிடுவதில்லை. தொடாமல் நான் யோசனைகள் சொல்கிறேன். களா வேலி பூத்துக் கிடக்கிறது. அந்த வாசனை திருவிடைமருதூர்க் கோபுரம் வரை போகிறதாகப் பேச்சு.

சிங்கப்பூருக்கு வருவதைப் பற்றி உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அங்க போனா சன்னலைத் திறக்கக்கூட ஒருத்தரைக் கேக்கணும். இங்க நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போவேன்." இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் விடவில்லை.

இப்போது விஷயம். செவ்வாய்க்கிழமை பதிவுத் தாசில்தார் சாவடிக்கு வந்தார். ஊரே கூடியிருந்தது. மிராசுதார் நாகநாதன் ஐயா ஒரு நாற்காலியில், தாசில்தார் ஒரு நாற்காலியில். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். நீ சொன்னதை நான் மீறவில்லை. "அந்தப் படுகைக் குடும்பத்துல யாருப்பா பேசுறது?" என்று தாசில்தார் கேட்டார். உன் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

அப்போது பண்ணை ஐயா ஒரு காரியம் செய்தார். வாழ்நாள் முழுதும் என்னை "டேய்" என்றவர், அவ்வளவு பேருக்கு நடுவில், "வாங்க இராஜாங்கம், ஏன் நிக்கிறீங்க?" என்றார். கணக்குப்பிள்ளை ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து ஐயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். சோடா வந்தது. கோலி சோடா. நானே உடைத்தேன்.

"நான் இருக்கேன் அண்ணி" என்று உன் அம்மாவைக் கையமர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

தாசில்தார் கேட்டார்: "நீங்க இவரோட குத்தகைக்காரரா?"

பண்ணை ஐயா சிரித்துக்கொண்டே, "என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? இராஜாங்கம் எனக்குத் தம்பி மாதிரி. இவரைப் போய்க் குத்தகைக்காரர்னு சொன்னா ஊரு என்னைக் காறித் துப்பும்" என்றார்.

சாவித்திரி, நீ அங்கே இருந்திருக்க வேண்டும். நான் கால் மேல் கால் போட்டு, "நானா? குத்தகைக்காரனா? நல்லாக் கேட்டீங்க. ஐயாவும் நானும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அவர் சொத்தை நான் பார்த்துக்குறேன். ஆள்கள் இருக்காங்க வேலை செய்ய. நான் வந்தா வருவேன், போனா போவேன்" என்று முழங்கினேன். கூட்டம் வாயடைத்துப் போயிற்று. தாசில்தார் சொல் விடாமல் எழுதிக்கொண்டார். என் கையெழுத்தைப் பார்த்து, "வால் ரொம்ப நீளமா இருக்கே" என்று வியந்தார்.

இந்த ஊரில் நம் குடும்பத்தில் ஒருவன் பண்ணையோடு சரிசமமாக உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. உன் அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

உன் அம்மாவுக்குச் செவ்வாயிலிருந்து தலைவலி என்று நினைக்கிறேன். பேசுவதில்லை. சாதம் மட்டும் போடுகிறாள்.

இப்படிக்கு,
நாற்காலி இராஜாங்கம்
(ஊரில் இப்போது இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)

---

சிங்கப்பூர்
7.5.1970

சித்தப்பா,

என்ன செய்துவிட்டீர்கள்!

அம்மாவுக்குத் தலைவலி இல்லை. உங்களுக்கு அது புரியவில்லையா, புரிந்தும் எழுதினீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் குத்தகைக்காரர் இல்லை என்றும், தோட்டம் மிராசுதார் கைவசமே இருக்கிறது என்றும், அதில் வேலை செய்கிறவர்கள் அவர் ஆட்கள் என்றும் நீங்களே சர்க்கார் அதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த ஆட்கள் யார் சித்தப்பா? அம்மா ஒருத்திதானே? அவளை ஒரு வார்த்தையில் கூலியாள் ஆக்கிவிட்டீர்கள். மிராசுதார் உங்களுக்கு மரியாதை செய்யவில்லை. ஒரு நாற்காலியையும் ஒரு சோடாவையும் கொடுத்துத் தோட்டத்தை வாங்கிக்கொண்டார்.

அப்பீல் செய்ய வழி இருக்கிறது என்று இவர் விசாரித்துச் சொல்கிறார். நாள் கடத்தாதீர்கள். சங்கத்து ஐயாவு அண்ணனைப் போய்ப் பாருங்கள். அவர் சிவப்புக் கொடிக்காரர், பண்ணைக்கு ஆகாதவர் என்று நீங்கள் ஒதுங்கிப் போவீர்கள். இப்போது ஒதுங்காதீர்கள். போய் நில்லுங்கள்.

அம்மாவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்லுங்கள். அவளும் பேச மாட்டாள், நானும் இங்கே இருந்துகொண்டு என்ன செய்வேன்? அடுப்பில் வைத்ததை மறந்து தெருவைப் பார்த்து நிற்கிறேன்.

சாவித்திரி

---

கீழப்படுகை
7.6.1970

சௌபாக்கியவதி சாவித்திரிக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ வீணாகக் கலங்குகிறாய். எல்லாம் என் கைக்குள் இருக்கிறது.

களாக்காய் பறிக்கிறோம். வேலியைச் சுற்றி முள்; உன் அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பறிக்கிறாள், காயின் பால் பட்டதில் சேலையெல்லாம் கறை. நாவல் மரங்கள் பிஞ்சும் பூவுமாக நிற்கின்றன. இந்த வருஷம் நாவல் விழும் சத்தத்தில் தெருவில் தூங்க முடியாது என்று எதிர்பார்க்கப்படுகிறது.

ஒரு சின்ன விஷயம். போன வாரம் பண்ணைக் கணக்குப்பிள்ளை இரண்டு ஆட்களோடு தோட்டத்துக்கு வந்து கயிறு பிடித்து அளந்தார். பட்டுக்கோட்டையிலிருந்து தென்னங்கன்று வருகிறதாம். ஆவணியில் குழி வெட்டுகிறார்களாம். "நாவல் சீசன் முடிஞ்சதும் மரத்தையெல்லாம் எடுத்துடுவோம், அதுவரைக்கும் அம்மா பறிச்சுக்கட்டும்" என்றார். உன் அம்மா நிமிரவே இல்லை. அவர்கள் கயிறு பிடித்த இடத்தில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனாள். கயிறு பிடித்தவன்தான் நகர வேண்டியிருந்தது.

இது பண்ணை ஐயாவுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஐயா கூடத்தில் இருந்தார். நாற்காலிகள் எல்லாம் அன்று சாயம் பூசக் கொடுத்திருந்ததாகத் தெரிகிறது, அதனால் உட்காரச் சொல்ல முடியவில்லை. நான் வாசலிலேயே நின்று பேசினேன். "என்னடா?" என்றார். பழைய பழக்கம், விட்டுப் போகுமா? விஷயத்தைச் சொன்னேன். "நீதானேடா சொன்னே, சொத்து என்னுதுன்னு? என் சொத்துல நான் தென்னை வைக்கிறேன், நீ என்ன நடுவுல?" என்றார். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பிறகு ஐயாவுவைப் பார்த்தேன். அப்பீல் போட்டாயிற்று, கும்பகோணத்தில் விசாரணை. ஆனால் அந்தப் பயல் ஒரு யோசனை சொல்கிறான் பார்.

"அண்ணே, நீங்க எழுதிக் குடுத்த வாக்குமூலம் நம்ம கழுத்துல கயிறு மாதிரி கிடக்குது. அதை அறுக்க ஒரே வழிதான். இந்த மனுசன் வாயில வர்றது எதுவும் நிசமில்லேன்னு ஊர்ல நாலு பேரை விட்டுச் சொல்ல வைக்கணும்."

"என்னையா?"

"உங்களைத்தான். முதலை வாலைப் பிடிச்சு ஆத்தைத் தாண்டின கதை ஒண்ணு போதும்ணே. அப்பீலே செயிச்சுடும்."

"அது கதை இல்லேடா" என்றேன்.

"பார்த்தீங்களா, இதையேதான் அங்கயும் சொல்லிடாதீங்கன்றேன்" என்கிறான். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நூர்ஜஹான் சாட்சிக்கு வருகிறேன் என்று முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாளாம். கும்பிட்ட தபால்காரரும்.

சாவித்திரி, எனக்கு நிலம் இல்லை. பெண்டாட்டி இல்லை, பெண் கொடுக்க மூன்று ஜமீன்கள் வந்து நான் மறுத்தது உனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது என் சொல் ஒன்றுதான். அதைக் கும்பகோணத்தில் கொண்டுபோய் நாலு பேர் மிதிக்க நான் நின்று பார்க்க வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு வழி நானே கண்டுபிடிப்பேன். கலெக்டர் எனக்கு வேண்டியவர்.

இப்படிக்கு,
இராஜாங்கம்

---

சிங்கப்பூர்
18.6.1970

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கலெக்டர் உங்களுக்கு வேண்டியவர் இல்லை. மூன்று ஜமீனும் வரவில்லை. சரபோஜிராஜபுரத்திலிருந்து ஒரே ஒரு பெண் வீட்டார் வந்தார்கள், அவர்களுக்கு உங்களிடம் நிலம் இல்லாதது பிடிக்கவில்லை. அம்மா சொல்லியிருக்கிறாள். உங்களைக் காயப்படுத்த இதை எழுதவில்லை. எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் உங்கள் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பில் முதலைக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கினேன். வீட்டுக்கு வந்து அழுதபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? அடித்த வாத்தியாரையும் அந்த முதலை ஒரு தடவை துரத்தியது என்று சொன்னீர்கள். அப்பா செத்த அந்த வருஷம் முழுதும் நம் வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தது உங்களால்தான். யார் மிதித்தாலும் அது போகாது.

ஆனால் அம்மாவுக்கு இருப்பது அந்தப் படுகை மட்டும். அவள் ஊரில் யார் வீட்டிலும் உட்கார மாட்டாள். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். மரத்தடியில் மட்டும்தான் அவள் வேகமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை வெட்டிவிட்டு அவளை எனக்கு விமானத்தில் அனுப்பினால், இங்கே வந்து இறங்குகிறவள் என் அம்மாவாக இருக்க மாட்டாள். இதை எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது. இனி அவளை வரச்சொல்லிக் கேட்க மாட்டேன்.

உங்களை என்ன செய்யச் சொல்வதென்று தெரியவில்லை. செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்யாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

உங்கள் மகள்,
சாவித்திரி

---

கீழப்படுகை
20.7.1970

சௌபாக்கியவதி சாவித்திரிக்கு,

சித்தப்பா எழுதுவது. விசாரணை முடிந்தது. கும்பகோணம் ஆபீஸில் அன்று முழுக்க என்னைப் பற்றியே பேச்சு. கலெக்டரைப் பற்றிக்கூட அங்கே அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்கள்.

முதல் பஸ்ஸில் நான், உன் அம்மா, ஐயாவு, நூர்ஜஹான், தபால்காரர், இன்னும் தெருவில் பாதிப் பேர். நாவல் பருவம் உச்சத்தில் இருக்கிறது. உன் அம்மா விடியலில் உலுக்கிய பழத்தைக் கூடையோடு பஸ்ஸில் ஏற்றி நூர்ஜஹானிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அவள் விரலெல்லாம் நாவல் கறை. அதிகாரி முன்னால் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

என்னைப் பொய்யன் என்று நிரூபிக்க முதலில் நூர்ஜஹான் எழுந்தாள். "முதலை வாலைப் பிடிச்சுக் கொள்ளிடத்தைத் தாண்டினேன்னு சொன்னாருங்க. நாகப்பட்டினத்துல கப்பலைப் பார்த்துட்டுத் திரும்பினவரு, சிங்கப்பூர் கவர்னரோட டீ குடிச்சேன்னாரு. நல்ல மனுசன்தாங்க, எங்க வீட்டுக்காரர் கிடையில கிடந்தப்ப தினமும் வந்து சிரிக்க வெச்சுட்டுப் போவாரு. ஆனா அவர் பேச்சை வெச்சுக்கிட்டு ஒரு படி உப்புக்கூட வாங்க முடியாதுங்க."

தபால்காரர் எழுந்து, அவர் ஒரு நாளும் கும்பிட்டதில்லை என்று சத்தியம் செய்தார். ஒரு மனுஷன் இதற்கெல்லாம் சத்தியம் செய்வானா?

இப்போது பண்ணை வக்கீலின் நிலைமையைப் பார். எழுந்து நின்று கோட்டைச் சரிசெய்துகொண்டு, "இராஜாங்கம் அவர்கள் சொல் தவறாத பெரிய மனிதர், அவர் வாக்குமூலம் ஒவ்வொரு எழுத்தும் உண்மை" என்று வாதாடினார். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முதலையையும் சேர்த்தா வக்கீல் சார்?" என்று கேட்டார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. வாழ்நாள் முழுதும் நான் ஆட்களைச் சிரிக்க வைத்தவன். அது வேறு, இது வேறு என்று அன்றைக்குத் தெரிந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இது நிஜம்.

இடைவேளையில் பண்ணை ஐயா தாழ்வாரத்தில் என் பக்கம் வந்தார். "பாருங்க இராஜாங்கம், நீங்க வளர்ந்த ஊரு உங்களைப் பொய்யன்னு சொல்லுது. உங்களைப் பெரிய மனுசன்னு சொல்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன். உள்ள போயி, சொன்னது சொன்னதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தென்னந்தோப்புக்கு நீங்கதான் மேனேசர்" என்றார். மறுபடியும் "வாங்க, போங்க." உண்மையைச் சொல்கிறேன் மகளே, அந்த "ங்க" காதில் விழுந்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. என்னால் தடுக்க முடியவில்லை.

உன் அம்மா எதிர்ச் சுவரோரம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வெளியே ஒரு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊருக்குப் போனாலும் அவளுக்கு ஒரு மரம் வேண்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கேட்டார்: "இவங்க சொல்றதெல்லாம் உண்மையா? நீர் கதை கட்டுறவரா? இல்லை, சாவடியில சொன்னது உண்மையா?"

"பொய்தாங்க ஐயா" என்றேன். "முதலை பொய். கவர்னர் பொய். நாற்காலியில உக்காந்து சொன்னதும் பொய். தோட்டம் எங்க அண்ணி ராசம்மாளோடது. வெச்சதும் அவங்க, தண்ணி ஊத்துறதும் அவங்க, குத்தகைக் கூடையைச் சுமந்து பண்ணை வீட்டுல இறக்குறதும் அவங்க."

"அப்ப நீர் என்ன செய்யிறீர்?"

"நான் பேசுவேனுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி உன் அம்மாவைக் கையைக் காட்டச் சொன்னார். தயங்கித்தான் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எழுதத் தொடங்கினார். பண்ணை வீட்டில் கூடை இறக்கிக்கொள்ளும் சமையல்காரியும் வந்து, வருஷா வருஷம் ராசம்மாள்தான் கொண்டுவருகிறாள் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்த வீட்டில் இனி வேலை இருக்குமா என்பது சந்தேகம். ஐயாவு பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

உத்தரவு பின்னால் வரும். திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். அதைவிட அவர்கள் சும்மா இருந்திருக்கலாம்.

இராஜாங்கம்

---

கீழப்படுகை
16.8.1970

சாவித்திரிக்கு,

உத்தரவு வந்துவிட்டது. குத்தகைதாரர் ராசம்மாள் என்று பதிவாகிவிட்டது. தென்னங்கன்றுகள் பண்ணை வீட்டுக் கொல்லையில் சாக்கில் கிடந்து காய்கின்றன. உன் அம்மா வழக்கம்போல் குத்தகைப் பழத்தைக் கொண்டுபோனாள். இறக்கிக்கொள்ள ஆள் வரவில்லை. வாசலில் வைத்துவிட்டு, பதிவுக்காரர்கள் சொன்னபடி ஐயாவுவைச் சாட்சி வைத்துக்கொண்டு திரும்பினாள். இன்னும் சண்டை இருக்கிறது. ஆனால் மரங்கள் இருக்கின்றன.

நான் ஒரு மாதமாக ஒரு கதையும் சொல்லவில்லை. சொன்னாலும் எடுபடாது. "தண்ணி தாகமா இருக்கு" என்றால்கூட டீக்கடையில் ஒருவன், "அண்ணே, அதுக்குச் சாட்சி யாரு?" என்கிறான். சர்க்கார் முத்திரையோடு பொய்யன் ஆனவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். இதுவாவது உண்மையான பெருமை.

வியாழக்கிழமை மதியம் படுகையில் நின்றேன். மேலே அணையில் அதிகமாகத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. காவிரி செம்மண் நிறத்தில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே களா வேலியின் கீழ்க்கோடி தண்ணீருக்குள் போயிற்று. காலையில் பறித்த நாவலும் பழுத்த களாவும் மரத்தடியில் குவிந்து கிடந்தன. தெருவுக்கு ஓடினேன். டீக்கடை வாசலில் நின்று, "படுகையில தண்ணி ஏறுது, கையில கிடைச்சதை எடுத்துட்டு ஓடி வாங்கடா" என்று கத்தினேன்.

ஒருவனும் எழவில்லை. "முதலையும் கூட வருதாண்ணே?" என்று ஒருவன் கேட்டான். ஐயாவு இருந்திருந்தால் வந்திருப்பான், அவன் சங்கத்து வேலையாக வெளியே போயிருந்தான். நான் தொண்டை கிழியச் சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய அவர்களுக்குச் சிரிப்பு அதிகமாயிற்று. நான் எப்போதும் அப்படித்தானே சத்தியம் செய்வேன்.

பழத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டோம். கொட்டகை போயிற்று. மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் வடிந்துவிட்டது. டீக்கடைக்காரர்கள் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது, எத்தனை கூடை சுமந்தோம் என்று நான் எழுதப் போவதில்லை. உன் அம்மாவைக் கேட்டுக்கொள்.

நான் எழுத வந்தது வேறு. டீக்கடையிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா அப்போதுதான் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முதல் பிடி சோற்றைப் பிசைந்திருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசியதில்லை. விசாரணைக்குப் பின்னாலும் இல்லை. மூச்சு வாங்கியதில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

"அண்ணி, தண்ணி" என்றேன்.

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எழுந்தாள். கையைக் கழுவினாள். மூலையில் இருந்த கூடைகளில் இரண்டை எடுத்து, ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றதை என்னிடம் நீட்டினாள்.

"வாங்க தம்பி" என்றாள்.

உன் சித்தப்பா,
இராஜாங்கம்